முந்நூறு ரூபாய் பென்சில்

குடிகாட்டில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனியில் 2004-ல் அக்கவுண்டன்டாகச் சேர்ந்தேன். வருஷா வருஷம் மார்ச் கடைசியில் சம்பள உயர்வுப் பட்டியலை எழுதுவது என் வேலை. முதலாளி சொல்லச் சொல்ல, எல்லாருக்கும் பேனாவில் எழுதுவேன். என் பெயருக்கு நேரே மட்டும் காலியாக விட வேண்டும். அதில் அவரே பென்சிலால் முந்நூறு என்று போடுவார். ஐந்து வருஷமும் அதே முந்நூறு.

கேட்டால், "உனக்கென்னம்மா, வீட்டுக்காரரு சம்பாதிக்கிறாரு" என்பார்.

என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் நின்று சம்பாதித்தார். எனக்காக அவரா வந்து கணக்கு பார்த்தார்? எனக்குப் பிறகு சேர்ந்த ஸ்டோர் கீப்பரின் மனைவி டீச்சர். அந்த ஸ்டோர் கீப்பரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஆறாவது வருஷம் என் இடத்தையும் நானே பேனாவால் நிரப்பினேன். இரண்டாயிரம்.

"யாரு எழுதுனது இது?"

"நான்தான் சார்."

"அடிச்சிடு."

எங்கள் ஆபீஸில் எதை அடித்தாலும், அடித்தவர் பக்கத்திலேயே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடிட்டருக்குப் பயந்து அவரே போட்ட சட்டம். பேனாவை நீட்டினேன்.

"நீங்களே அடிங்க சார். வீட்டுக்காரரு சம்பாதிக்கிறாருன்னு காரணம் எழுதிடுங்க."

என்னை முறைத்தார். எதையும் அடிக்காமல் பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

"ரொம்பத்தான் பேசுற."

"அஞ்சு வருஷமா பேசாததையும் சேத்துதான் சார்."