நாய்க்குக் குண்டிக்காய் வாங்கியவன்

எழுபதுகளின் நடுவில் நான் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. வாய் மட்டும் எம்.ஏ. வீட்டில் நான், என் மனைவி, ஒரு செவலை நாய். கல்யாணமான வருஷம் அவள் தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டி அது. பதினொரு வயதில் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, மூலைக்கு மூலை நனைத்தது, எலும்பும் தோலுமாக இளைத்தது.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் அதன் வாயைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கிட்னி கெட்டுவிட்டது என்றார். கறி, எலும்பு, உப்பு எதுவும் ஆகாது. குழைந்த சோறு, கொஞ்சம் வெள்ளைக்கரு, நிறையத் தண்ணீர்.

"குணமாகாதும்மா. பத்தியமா பாத்துக்கிட்டா இன்னும் கொஞ்ச காலம் ஓடும்."

என் மனைவி கைகட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் வெளியே வந்து, கிட்னி என்றால் என்னவென்று கம்பவுண்டரிடம் கேட்டேன். "குண்டிக்காய்தான்யா" என்று என் இடுப்பில் தட்டிக் காட்டினார்.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. ரத்தம் கம்மி என்றால் ஈரல் தின்னச் சொல்கிறார்கள். கால் உடைந்தால் ஆட்டுக்கால் சூப். அப்படியானால் குண்டிக்காய் கெட்டதற்கு? இவ்வளவு படித்த டாக்டருக்கு இது தோன்றவில்லையே என்று பரிதாபப்பட்டேன். ஆட்டுக் குண்டிக்காயை வேகவைத்தால் சத்து போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வேகவைத்தால் வீட்டில் மாட்டிக்கொள்வேன். ஆகவே பச்சை.

எனக்கு மத்தியான ஷிப்டு. காலையில் நாயை நடக்கவைக்கிற சாக்கில் கறிக்கடைக்குப் போவேன்.

"இன்னா நைனா, டெய்லி குண்டிக்கா?" என்றார் கடை பாய்.

"நாய்க்கு பாய். அதுக்கு குண்டிக்கா கெட்டுப்பூட்ச்சு."

"அப்போ உனுக்கு மூளை ஒண்ணு கட்டித் தர்ட்டா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஏரிக்கரை மறைவில் நாய் அதை இரண்டே கடியில் விழுங்கி, என் விரல்களை நக்கும். முதல் வாரம் வால் நன்றாக ஆடியது.

"பாத்தியா, பத்தியம் வேல செய்து" என்று என் மனைவி பூரித்தாள். நான் உள்ளுக்குள் எனக்கே டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அது வீட்டுச் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சினாள், உருண்டை பிடித்து ஊட்டினாள். பிறகு வாந்தி. வாயெல்லாம் புண். மூன்றாவது வாரம் எழுந்திருக்கவே இல்லை. மறுபடியும் ஆஸ்பத்திரி.

"கறி ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"ஐயோ, இல்ல சார்."

என் மனைவி முன்னால் வந்தாள். "நான்தான் சார். துன்னவே மாட்டேன்னுச்சு. வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு சோத்துல ஒரு சிட்டிகை உப்பு போட்டேன்."

"படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினாள். ஊரில் எல்லாரையும் நக்கலடிக்கிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் நாய் அவள் மடியிலேயே செத்தது.

அதற்கப்புறம் அவள் வேறு நாய் வளர்க்கவில்லை. வாசலுக்கு வருகிற நாய்க்குச் சோறு வைப்பாள், உள்ளே விடமாட்டாள். "நம்ப கை ஆவாது" என்பாள். நான் எங்கேயாவது பார்ப்பேன்.

பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம், அவள் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்: கறிக்கடை, ஏரிக்கரை, பச்சைக் குண்டிக்காய். அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

"உடுய்யா. எனுக்கு மனசு ஆறட்டும்னு இதுக்கும் ஒரு கத கட்றியா?"

"சத்தியமா மே."

"நீ எத்தினி சத்தியம் பண்ணிக்கீறே" என்று மிளகாயைக் கிளறப் போய்விட்டாள்.

கறிக்கடை பாயைச் சாட்சிக்குக் கூட்டிவரலாம் என்று மறுநாள் போனேன். கடை இருந்த இடத்தில் யாரோ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.