மாடியில் மட்டும் டவர்

காதலித்தவரைச் சர்ச்சில் மணந்த நாளிலிருந்து தாம்பரத்தில் இருந்த அப்பா என்னோடு பேசவில்லை.

மேடவாக்கத்தில் குடியேறியதும் செல்போன் வாங்க நினைத்தோம். அப்போதெல்லாம் கையெழுத்துப் போட்டு கனெக்‌ஷன் எடுக்கும் முன், தெரிந்தவர்களின் போனை இரவல் வாங்கி வீட்டுக்குள் டவர் எடுக்கிறதா என்று நடந்து பார்ப்போம். ஒரு கம்பெனிக்கு ஹாலிலேயே முழு டவர். இன்னொன்றுக்கு மொட்டை மாடியில் மட்டும்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஹால்ல வர்றதையே எடு" என்றார் கணவர்.

ஆனால் கடைக்கார அக்கா, "அதிகமா யார்கிட்ட பேசுவீங்க? அவங்க கம்பெனியையே எடுத்தா கால் சீப்பு" என்றார். அப்பாவுடையது அந்த மொட்டை மாடி கம்பெனி. என்றாவது மனம் மாறிப் பேசுவார் என்று நம்பி அதற்கே கையெழுத்துப் போட்டேன். நம்பரை அம்மாவிடம் கொடுத்தேன். காலையில் துணி காயப்போடும்போது போனையும் மாடிக்கு எடுத்துப் போவேன். அப்பா கூப்பிடவே இல்லை. நானாகக் கூப்பிட எனக்கும் வீம்பு.

அவர் மாரடைப்பில் போன செய்தியை மாமா நேரில் வந்துதான் சொன்னார்.

காரியம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன், "ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடத் தோணலையாம்மா அவருக்கு?"

"தினம் சாயங்காலம் போடுவாருடி. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வரும். 'வேணும்னே ஆஃப் பண்ணி வச்சிருக்கா, நீ அவகிட்ட சொல்லாதே'ன்னு சாப்பிடாம படுத்துப்பாரு."

அந்த நேரமெல்லாம் நான் ஹாலில்தான் இருந்தேன். போன் என் பக்கத்திலேயே இருந்தது. அவருக்காகத்தான் அந்த கம்பெனியை எடுத்தேன் என்று சொல்ல, இனி நான் எந்த மாடிக்கு ஏறுவது?