கோட்டைக்குள் போகாதவர்

“...கோட்டைக்குள்ள இப்போ போக முடியாதுக்கா, அதான் இந்தக் கிழவியோட கோழிய தேடிக்கிட்டு இருக்கேன்,” என்றார் அவர், கைப்பேசி விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மலேசியாவில், குளுவாங் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர் மனைவி. நான் பக்கத்து வார்டில் ஒருவரைப் பார்க்க வந்தவள். அவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலைச் சீருடை, நரை விழுந்த மீசை, ஆடிக்கொண்டே இருக்கும் முழங்கால். அந்த ஆட்டத்தில் ஒரு செருப்பு கழன்று நாற்காலிக்கு அடியில் போயிருந்தது.

“கதை கோட்டையிலதானே இருக்கு? கோழியில என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லக்கா, சும்மா கிளைக்கதை. ஆனா இது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுறது. ‘நான் வர்றதுக்குள்ள கோட்டைக்குள்ள போனீங்க, அவ்ளோதான்’னு சொல்லிட்டு உள்ள போயிருக்கா. போனா கதை முடிஞ்சிரும் லா.”

கோழியைப் பிடித்துக் கிழவியிடம் கொடுத்தார். உடனே எவனோ ஒரு மீனவனின் தொலைந்த வலையைத் தேடக் கிளம்பினார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார், உட்கார்ந்தார். வார்டில் பார்வையாளர் நேரம் தொடங்கியும் எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை. என் முழங்காலும் ஆடத் தொடங்கியிருந்தது.

கடைசியில் ஒரு தமிழ் நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “வைஃப் முழிச்சிட்டாங்க, நல்லா இருக்காங்க. ஏதோ கோட்டைக்குள்ள போயிட்டீங்களான்னு கேட்கிறாங்க.”

“அலமாக், போகல மிஸ்ஸி!” என்று எழுந்தவர் செருப்பைத் தேடவில்லை. கைப்பேசித் திரையை முன்பக்கமாகத் திருப்பி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நர்ஸின் பின்னால் ஓடினார்.