இடக்கையால் உண்ட பந்தி

மரியசூசை இறந்துவிட்டார் என்று இலுப்பூர் பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். "நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க, பேசிக்கிட்டாங்க" என்றார். ஆவூரிலிருந்து அவருடைய மைத்துனர் வந்து சொன்ன பிறகே நம்பினேன். எங்கள் பத்திரிகையில் மரியசூசையோடு நிருபர்களாக இருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் அவர் எழுதமாட்டார்.

அந்தச் சந்தேகத்தால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் நிலைத்தது. இலுப்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பாதிரிமார் மடம் இடிந்து கிடந்தது. மடத்து மாதா கோவிலின் முகப்பு மட்டும் நின்றது. அதைப் பார்த்து நின்றால் இடப்புறம் ஒரு கிணறு. கீழத்தெருவுக்குக் குடிநீர் அது ஒன்றுதான். வலப்புறம் முள்மண்டிய ஒரு பாழுங்கிணறு. மடத்து மனையை வாங்கிய பண்ணையார், நல்ல கிணறும் மடத்தைச் சேர்ந்தது என்று வேலி போட வந்தார்.

தாசில்தார் விசாரணைக்கு முன், செய்தி எடுக்கப் போன எங்களைப் பண்ணையார் வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்தார்.

"காபி ரொம்ப நல்லாருக்கு. அதான் யோசனையா இருக்கு" என்று மரியசூசை என் காதில் சொன்னார்.

பண்ணையார் ஒரு பழைய படத்தைக் காட்டினார். செப்புத் தகட்டில் செதுக்கிச் சீமையில் அச்சிட்டது. மடத்தை மேலிருந்து பார்த்தாற்போல் இருந்தது. கோவில், முற்றத்தில் சாப்பாட்டுப் பந்தி, இரண்டு கிணறுகள். இடப்புறக் கிணறு மதிலுக்குள் இருந்தது. வலப்புறக் கிணறு வெளியே.

"பாத்துக்கங்க. கெணறு மடத்துக்குள்ளதான!"

"இங்க மலையே இல்லையே. வரஞ்சவன் எங்கிட்டு நின்னு பாத்தான்?" என்றார் மரியசூசை.

"பலூன்ல போயிருப்பான், ஒமக்கென்ன?"

மரியசூசை படத்தருகே மூக்கை வைத்து வெகுநேரம் நின்றார். "ஒரு ஆளுன்னா நம்பலாம். பந்தியே இடது கையில சாப்பிடுதேங்க!"

படத்தைக் கழற்றிக் கூடத்து நிலைக்கண்ணாடிக்கு முன் பிடித்தார். கண்ணாடியில் எல்லோரும் வலக்கையால் உண்டார்கள். மதில் வலப்புறம் போயிருந்தது; மதிலுக்குள் இருந்தது பாழுங்கிணறு. வரைந்ததை அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் இடவலம் மாறிவிடும். சீமையில் செதுக்கியவருக்கு எந்தக் கையால் உண்டால் என்ன? பண்ணையார் படத்தை வாங்கி அறைக்குள் கொண்டுபோனார்.

அன்றே எழுதிவிடலாம் என்று துள்ளினேன். "பொறுய்யா. படம் புரட்டுன்னு தெரிஞ்சிருச்சு. புரட்டிப் பாத்தா மட்டும் நெசம்னு யாரு சொன்னா?" என்றார். தாசில்தாரிடம் சொல்லி, முள்ளை வெட்டி இருபுறமும் தோண்டவைத்தார். பாழுங்கிணற்றுக்கு அப்பாலும் நல்ல கிணற்றுக்கு இப்பாலும் மதிலின் அடித்தளம் தெரிந்தது. அதைக் காலால் மிதித்துப் பார்த்த பிறகே பேனாவை எடுத்தார். கீழத்தெரு இன்றும் அந்த நல்ல கிணற்றில்தான் இறைக்கிறது.

அடக்கத்தன்று ஒருவர், "சிரிச்ச மொகமாப் போயிட்டாரு" என்றார்.

"எங்கிட்டு நின்னு பாத்தீங்க?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

அழுதுகொண்டிருந்த மரியசூசையின் மனைவி நிமிர்ந்தார். "நல்லாக் கேளுங்கண்ணே. பக்கத்துல இருந்தது நான். டாக்டர் குடுத்தது மருந்துதானான்னு மொகத்தச் சுளிச்சுக்கிட்டே போனாரு."

மரியசூசையிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். அவர் மனைவி சொன்னதையும் மைத்துனரிடம் கேட்ட பிறகே இங்கே எழுதுகிறேன்.