கணையம் வீங்கியபோது கேட்ட கேள்வி

கழக்கூட்டம் என்ற ஊரில் ஐடி ஆபீஸில் வேலையாக இருந்தபோது அந்த வலி வந்தது. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை துளைத்தது. வாந்தி நிற்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ரத்தப் பரிசோதனையில் கணையம் வீங்கியிருப்பது தெரிந்தது. மது அருந்துவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அது அவர் வேலை.

மாலையில் வலியசாலையிலிருந்து என் கணவரின் சித்தப்பா வந்தார். கணையம் என்றதும் செல்போனில் தேடிப் படித்தார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, தன் மலையாளம் கலந்த தமிழில் கணவரிடம் சொன்னார்: "டேய், இது குடிச்சா வர்ற வியாதியாக்கும். ஐடி ஆபீஸ்ல பார்ட்டியெல்லாம் உண்டோல்லியோ. இவள் உங்கிட்ட பறஞ்சிருக்க மாட்டா."

'இல்லை' என்று கணவர் சொல்வாரெனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. சித்தப்பா போனபின் என்னிடம் குனிந்து, "ஒரு தடவைகூட இல்லையே? டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதேன்னுதான் கேக்கறேன்" என்றார். வலியைவிட அது எரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேர்கிறது. அதுவும் கணைய நீரும் குடலில் இறங்குகிற வாசல் ஒன்றே. பித்தப்பையில் உருவான சிறு கல் ஒன்று அங்கே அடைத்துவிட்டது. குடலுக்குப் போய் உணவைச் செரிக்க வேண்டிய நீர், போக வழியில்லாமல் கணையத்தையே செரிக்கத் தொடங்கியிருந்தது. வீக்கத்தில் உடம்பின் நீரெல்லாம் அங்கே தேங்கியதால் சிறுநீரகங்களுக்குப் போதிய ரத்தம் போகவில்லை. அதனால்தான் சிறுநீர் குறைந்திருந்தது, பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் போனதும் கணவரிடம் சொன்னேன்: "இதை உங்க சித்தப்பாகிட்ட சொல்லுங்கோ. இப்பவே. என் முன்னாடி."

போனில் சொன்னார். ஸ்பீக்கரில் சித்தப்பா குரல் கேட்டது. "கல்லா? சரி சரி. நான் சும்மா ஒரு சம்சயம் பறஞ்சேன், அவ்வளவுதான்."

அந்த 'சும்மா'வில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சித்தப்பா, இதே வலி உங்க பிள்ளைக்கு வந்திருந்தா, வலி எப்படி இருக்குன்னு கேட்டிருப்பேள். என்கிட்ட அதை இன்னும் கேக்கலை" என்றேன். கணவர் தலை குனிந்திருந்தார்.

கல் தானாகவே இறங்கிவிட்டது. வீக்கம் வடிந்ததும் பித்தப்பையை எடுத்தார்கள். அது இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரை நேராகக் குடலுக்கு அனுப்பிக்கொள்ளுமாம். கணையம் கெட்டால் ஏறக்கூடிய சர்க்கரையும் ஏறவில்லை. சிறுநீரகங்களும் பழையபடி வேலை செய்கின்றன.

சித்தப்பா பழங்களோடு பார்க்க வந்தார். மழையைப் பற்றிப் பேசினார். காபி கொடுத்தேன், பேச்சுக் கொடுக்கவில்லை. கணவர் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டார். சரி என்றுதான் சொல்கிறேன். ஆனால் அன்று சித்தப்பா முன்னால் அவர் வாயைத் திறக்காமல் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.