சஷ்டி விரதமும் ஒரு மாத்திரையும்

அன்னவாசல் அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிற நாகராசுவுக்கு, இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து நிறுத்துகிற கருவியை நெஞ்சுக்குள் வைத்து இரண்டு வருஷமாகிறது. போன கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இளநீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை என்று விரதம் இருந்தார். மாத்திரையும் வாயில் வைப்பதுதானே என்று அதையும் நிறுத்திவிட்டார். கருவி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தைரியம்.

சூரசம்ஹாரத்தன்று கோயில் வரிசையில் நின்றவரை, மாடு உதைத்தது போல நெஞ்சுக்குள்ளிருந்த கருவி மூன்று முறை அடித்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. "கருவி, விழுந்தா தூக்கி விடுற ஆள் மாதிரிங்க. விழாமப் பிடிச்சுக்கிறது மாத்திரைதான். ரெண்டும் வேணும்" என்றார்.

அதற்கப்புறம் அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. மூட்டையைப் பார்த்தாலும் சாமியைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. அடுத்த அடி எப்போதோ என்று கை நெஞ்சிலேயே கிடந்தது.

இந்த வருஷம் சஷ்டி தொடங்கிய காலையில், மனைவி செவந்தி மாத்திரையை முருகன் படத்தடியில் வைத்து எடுத்து நீட்டினாள்.

"பிரசாதம்னு போட்டுக்கங்க. முருகன் கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட அனுப்பி விடுங்க."

நாகராசு சிரிக்கவில்லை. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினார். விரதம் கலைந்ததாகவும் தோன்றவில்லை, காத்ததாகவும் தோன்றவில்லை. கை மட்டும் நெஞ்சை விட்டு இறங்கி விபூதித் தட்டுக்குப் போனது.