பொடிக்குழியில் அழுத்திய விரல்

"வாங்க, உக்காருங்க. ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமுங்களா? சேதி உங்களுக்கும் வந்திருக்குமுங்க."

போன சந்தையன்று இதே வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில், தரகு வழக்கப்படி துண்டுக்கடியில் விரல் பிடித்து ஒரு காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் பத்மாவதி சிஸ்டர் காலமாகிவிட்டார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். என் விரல் அப்படியே நின்றது. எதிராளி அதையே விலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். அந்த விரல்களை எனக்கு மீட்டுத் தந்ததே அந்த அம்மாதான்.

நாலு வருசம் முன்பு ஒரு மயிலைக் காளை என்னைக் கயிற்றோடு இழுத்துப் போட்டது. கொம்பு அழகு, புத்தி கோணல். அதைப் பற்றியே ஒரு நாள் பேசலாம். கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவ வந்தார்கள். மாட்டின் காலில் முறிவு கண்டுபிடிக்கிற எங்களுக்கு எங்கள் கை என்றால் எப்போதும் சுளுக்குதான்.

வலி பொறுக்காமல், உருவ விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை, படத்தைக் காட்ட மறுபடி ஒரு வரிசை. வாசலிலேயே சிஸ்டர் என் கட்டைவிரலை விரித்து, அதன் அடியில் மணிக்கட்டோரம் நான் மூக்குப்பொடி கொட்டி உறிஞ்சுகிற குழியில் அழுத்தினார். உயிரே போனது.

"இது சுளுக்கில்லீங்கண்ணா. மொதல்ல படம் எடுங்க, டாக்டர் படத்தோடயே பாக்கட்டும்."

எலும்பில் மயிரிழை விரிசல். டாக்டர் அரை மணியில் கட்டுப் போட்டார். உருவியிருந்தால் கட்டைவிரல் போயிருக்கும் என்றார்.

டாக்டரைக் கேட்காமல் நர்ஸ் எப்படிப் படத்துக்கு அனுப்பலாம் என்று ஆஸ்பத்திரி மேலதிகாரி மெமோ கொடுத்தார். "நாம வரிசையில நிக்கலாமுங்க, எலும்பு நிக்குமுங்களா?" என்று சிஸ்டர் கேட்டாராம். அதற்காகத் தடுப்பூசி அறைக்கு மாற்றினார்கள். பழைய வரிசை திரும்பி வந்தது. போன மாதம் என் பக்கத்துத் தோட்டத்துச் செல்வி கை ஊன்றி விழுந்து, அங்கே காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்து, படம் எடுக்கும் அறையைப் பூட்டியதும் வீடு திரும்பி, கையை உருவிக்கொண்டாள். இன்று அவளால் அரிவாள் பிடிக்க முடியவில்லை.

மெமோ கொடுத்த அதே மனிதர் துக்க வீட்டுக்கு மாலையோடு வந்தார். சிஸ்டரின் சேவையைப் புகழ்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாலை இருக்கட்டுமுங்க. அந்தம்மா செஞ்சத எதுக்குங்க நிறுத்துனீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொடிக்குழிதான். இங்கே யார் விழுந்தாலும் அதில் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டேன். அந்த மனிதரிடம் செல்வியையும் கூட்டிக்கொண்டு போய், அவள் கையைக் காட்டி நான் கேட்கப்போவது…

"தரகரே, இங்கொருத்தர் கையூணி உழுந்துட்டாருங்க. எண்ணெய் போட்டு உருவட்டுமுங்களா?"

"தொடாதீங்க, யாருந் தொடாதீங்க, நான் வந்து…"